காட்டாமணக்கு எடுக்க மிஷினா, ஆளா? எங்கள் ஊரணி அனுபவம்

ஊரணியிலோ கண்மாயிலோ நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கிடக்கிறதா? ஆள் விட்டு எடுங்கள். திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரை போகும் வழியில் இருக்கும் எங்கள் ஊரில் மிஷின், ஆள் இரண்டையும் பார்த்தாகிவிட்டது.

முதலில் வந்தது வாடகைக்கு விடும் மண் அள்ளும் மிஷின். காலையில் இறங்கியது, மதியத்துக்குள் ஊரணி மொட்டையாகிவிட்டது. பார்க்க மனசு நிறைந்தது. ஆனால் செடியை நசுக்கி இழுத்து, வந்ததையெல்லாம் மண்ணோடு சேர்த்துக் கரையின் உள்சரிவிலேயே குவித்துவிட்டுப் போனார்கள். செடியின் தூர் பெரும்பாலும் அடியிலேயே நின்றது. இந்தச் செடி பரவ விதைகூட வேண்டாம். கணு உள்ள துண்டுத் தண்டு ஒன்று ஈர மண்ணில் பட்டால் போதும், வேர் விட்டுவிடும். ஐப்பசி மழைக்குக் கரை நெடுகத் துளிர்த்தது. மிதந்த துண்டுகள் மறுகால் தண்ணீரோடு கீழ்க் கண்மாய்க்கும் போய்ச் சேர்ந்தன. போன் போட்டுக் கேட்டால், "சுத்தம் பண்ணச் சொன்னீங்க, பண்ணிட்டோம்" என்றார்கள். அதோடு பேச்சு முடிந்தது.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். எங்கள் பக்கம் கிணறு தோண்டினால் உப்புதான். ஊரணித் தண்ணீர்தான் மனுஷனுக்கும் ஆட்டுக்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடியை, ஆடு மாடு வாய் வைக்காது என்பதற்காகவே வேலியோரம் நட்டார்கள். சாதாரண நாளில் வைக்காதுதான். பங்குனிக்கு மேல் புல் காய்ந்து வேறு பச்சையே இல்லாதபோது பசித்த ஆடு தின்றுவிடும், பிறகு அதையே தேடிப் போகும். இலையில் உள்ள ஸ்வைன்சோனின் என்ற நச்சு மெல்ல மெல்ல நரம்பைப் பாதிக்கும். பக்கத்து வீட்டு வெள்ளாடு ஒன்று தலையை ஆட்டிக்கொண்டே, பின்னங்கால் பின்னிப் பின்னி நடந்ததைப் பார்த்தேன். தொட்டிக்கு வந்து குனிந்தால் வாய் தண்ணீரைத் தாண்டிப் போகும். அதை மறக்க முடியவில்லை.

அப்புறம்தான் பக்கத்து ஊர்க் குழுவைக் கூப்பிட்டோம். பெரும்பாலும் பெண்கள், ஒரு அக்கா மேற்பார்வை. ஆவணியில், தண்ணீர் வற்றி நடுவில் சேறு மட்டும் இருந்த நேரம் வந்தார்கள். முதலில் தண்டை முழங்கால் உயரத்துக்கு அரிவாளால் வெட்டி, ஒரு துண்டுகூடக் கீழே விடாமல் கட்டாகக் கட்டி வெளியே கொண்டுபோனார்கள். அடுத்து தூரைச் சுற்றிக் கடப்பாரையால் நெம்பி, இரண்டு பேர் பிடித்து ஆட்டி ஆட்டி வேரோடு எடுத்தார்கள். ஒரு தூரில் பக்கவேர் அறுந்து பால் வடிந்தது. அக்கா அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "மிச்சம் உள்ள இருக்கு தம்பி, விட்டா மறுபடி வந்துரும்" என்று சொல்லி அதே குழியை மறுபடி தோண்ட வைத்தார். எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது.

வெட்டிய தண்டுகளைப் பொட்டலில் தார்ப்பாய் விரித்துக் காயப் போட்டார்கள். ஒடித்தால் படக்கென்று ஒடியும் அளவு காய்ந்த பிறகுதான் எரித்தார்கள். களைக்கொல்லி அடித்துவிடலாமே என்று ஊரில் சிலர் சொன்னார்கள். குடிக்கிற தண்ணீரில் அதெல்லாம் கூடாது என்று நானும் சொன்னேன், அக்காவும் சொன்னார்.

இன்னொரு விஷயத்துக்காகவும் இவர்களைப் பாராட்ட வேண்டும். கடலோரத் தென்னந்தோப்பில் மணல் மேட்டில் படர்ந்திருந்த அடம்பங்கொடியையும் சேர்த்து எடுத்துவிடச் சொன்னார் தோப்புக்காரர். காட்டாமணக்குக்கும் இதற்கும் பூ ஒரே மாதிரி ஊதா கலந்த இளஞ்சிவப்புப் புனல், ஒரே குடும்பம் வேறு. அக்கா மறுத்துவிட்டார். "இது நம்ம கடக்கரைக் கொடி, மணலப் புடிச்சு வச்சிருக்கு. எடுத்தா கச்சான் காத்துல தோப்புக்குள்ள மணல் ஏறும்." கடலில் சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் இந்த இலையைத்தான் அரைத்துப் போடுவார்கள் என்றும் சொன்னார். கிடைக்கிற கூலியை வேண்டாம் என்று சொல்லிச் செடியைக் காப்பாற்றுகிறவர்களை எங்கே பார்க்க முடியும்?

குறையும் உண்டு. வேலை மெதுவு, மதியச் சாப்பாட்டுக்கு மேல் ஆள் நிற்பதில்லை. கூலி, டீ, வடை எல்லாம் சேர்த்தால் மிஷினைவிடச் செலவு கூடுதல். படித்துறைக் கல் இடுக்கில் இருந்த தூர்கள் சரியாக வரவில்லை, அதை நாங்களே பிறகு எடுத்தோம். மழைக்குப் பிறகு சேற்றில் கிடந்த விதைகள் முளைத்தன. ஆனால் அது குழுவின் தவறில்லை. பேசியபடி கார்த்திகையில் திரும்பி வந்து, அரைக் கூலிக்கு நாற்றுகளைக் கையாலேயே பிடுங்கிக் கொடுத்தார்கள்.

கூப்பிடுவதானால் ஆடி மாதத்துக்குள் சொல்லிவிடுங்கள். ஆவணி, புரட்டாசியில் சுற்றுவட்டார ஊர்கள் எல்லாம் தேடி வருவதால் தேதி கிடைக்காது. மழை விழுந்து ஊரணியில் தண்ணீர் ஏறிவிட்டால் அக்கா எவ்வளவு கொடுத்தாலும் இறங்க மாட்டார். காயப்போட மேட்டுப் பொட்டல் ஒன்றையும் பெரிய தார்ப்பாயையும் நீங்கள்தான் ஏற்பாடு செய்து வைக்க வேண்டும்.