எஃகுப் பிடியா, உறைக் கத்தியா?

கட்டி கீறும் அறுவைக் கத்தியில் எதை வாங்குவது: பிளேடு மாற்றும் எஃகுப் பிடியா, பிளேடை மூடும் தள்ளு உறையோடு வரும் உறைக் கத்தியா? மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டக் கிளினிக்குகளில் அடிக்கடி எழும் கேள்வி இது.

செலவு: எஃகுப் பிடி பல வருடம் உழைக்கும், பிளேடு மட்டும் மாற்றினால் போதும். உறைக் கத்தி ஒருமுறைக்குத்தான்.

சுத்தம்: பிடியைக் கழுவி ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைக்க வேண்டும், 134 டிகிரி என்றால் குறைந்தது 3 நிமிடம். பிளேடு மாட்டும் பள்ளத்தில்தான் ரத்தம் ஒட்டிக்கொள்ளும், சின்ன பிரஷ் இல்லாமல் போகாது. உறைக் கத்திக்கு இந்தத் தொல்லை இல்லை.

பாதுகாப்பு: பிளேடைக் கழற்றும்போது விரல் தப்பாது. எங்கள் டிரெஸ்ஸர் (தோட்ட மருத்துவ உதவியாளர்) அண்ணன் வெறுங்கையால் கழற்றுவார், பார்க்கவே பதறும்! ஒரு கையால் கழற்றும் பெட்டி இருந்தால் சரி. உறையைத் தள்ள மறந்தால் உறைக் கத்தியும் வெட்டும்.

தினமும் கட்டி கீறும் இடத்துக்குப் பிடியும் பெட்டியும். ஆட்டோகிளேவ் இல்லையா, உறைக் கத்தியே வாங்குங்கள்.