பேட்டரி ஸ்பீக்கரா, பிளக் ஸ்பீக்கரா: டர்பனில் மொபைல் டிஸ்கோ நடத்துபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் புதிதாக மொபைல் டிஸ்கோ (ஸ்பீக்கரை வீடு வீடாகக் கொண்டு போய்ப் பாட்டுப் போடும் தொழில்) தொடங்கும் தம்பிகள் எல்லோரும் முதலில் கேட்பது, "அண்ணா, எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். வாட்ஸை விட்டுவிடுங்கள். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 2000 வாட்ஸ் பெரும்பாலும் பீக் கணக்கு, அதாவது கண்சிமிட்டும் நேரத்துக்கு ஆம்ப் தள்ளக்கூடிய சக்தி. இரவு முழுக்க ஓடும் பாட்டுக்கு அந்த எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. வாட்ஸ் இரண்டு மடங்கானாலும் சத்தம் கூடுவது 3 டெசிபெல்தான், கூட்டத்தில் நிற்பவருக்கு அது லேசாகத்தான் தெரியும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபெல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு சக்தி செலவாகும்.

ஸ்பெக் தாளில் பார்க்க வேண்டியது அதிகபட்ச எஸ்பிஎல், அதாவது ஸ்பீக்கருக்கு 1 மீட்டர் முன்னால் அது தரக்கூடிய உச்ச டெசிபெல். இதை வைத்துக் கணக்குப் போடுவது சுலபம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் குறையும். 1 மீட்டரிலிருந்து 16 மீட்டர் போனால் நான்கு முறை இரட்டிப்பு, மொத்தம் 24 டெசிபெல் போய்விடும். ஒரு வீட்டு முற்றத்தில் டென்ட் அடித்து, கடைசி மேசை 16 மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 112 டெசிபெல் பெட்டி அந்த மேசையில் 88, 121 பெட்டி 97, 132 பெட்டி 108. நூறு பேர் பேசிச் சிரித்துக்கொண்டு பிரியாணி சாப்பிடும் இடத்தில் 88 என்பது பின்னணிப் பாட்டுக்குத்தான் ஆகும், அதுவும் அது பீக் அளவு, சராசரி இன்னும் கீழே இருக்கும். ஆட வைக்க முடியாது.

இந்த மூன்று எண்களையும் சும்மா போடவில்லை. ஜேபிஎல் ஈயான் ஒன் காம்பாக்ட் 112, எலக்ட்ரோ-வாய்ஸ் எவர்ஸ் 8 என்பது 121, கியூஎஸ்சி கே12.2 என்பது 132. முதல் இரண்டும் பேட்டரி, மூன்றாவது பிளக்கில் ஓடுவது. முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எடை, ஒன்று 8 கிலோ, மற்றது 7.6 கிலோ, இரண்டிலும் 8 அங்குல ஊஃபர் (பாஸ் தரும் பெரிய கோன்), இரண்டிலும் நான்கு சேனல் மிக்சர், இரண்டுக்கும் 12 மணி நேர பேட்டரி என்று கம்பெனி சொல்கிறது. கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் ஒரே சாமான் போலத்தான் தெரியும். ஆனால் 9 டெசிபெல் வித்தியாசம் என்பது காதுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பேட்டரியில்தான் வாங்குவேன் என்று நிற்பவர்களுக்கு நான் எவர்ஸ் 8ஐத்தான் சொல்வேன். அதற்கு ஐபி43 மதிப்பும் உண்டு, சாரல் பட்டால் தாங்கும். டர்பனில் டிசம்பர், ஜனவரி சாயங்காலங்களில் இடி இடித்து மழை எப்போது கொட்டும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் இது சின்ன விஷயமில்லை.

போஸ் எஸ்1 ப்ரோ வேறு ரகம். 7 கிலோ சொச்சம், 11 மணி நேரம் வரை பேட்டரி, நிமிர்த்தி வைக்கலாம், சாய்த்து வைக்கலாம், ஸ்டாண்டிலும் ஏற்றலாம். பேச்சுக் குரலுக்கு இதன் தெளிவு எனக்கு மிகவும் பிடிக்கும். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் ஐயர் சொல்லும் மந்திரம் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆயாவுக்கும் கேட்க வேண்டும், மணவறைப் பக்கம் கேபிள் இழுத்துப் புடவை தடுக்கக் கூடாது. அந்த வேலைக்கு, ஆடி மாதக் கூழ் பூஜைக்கு, வீட்டுப் பெயர்சூட்டு விழாவுக்கு இது அருமை. இரவு பத்து மணிக்கு மேல் ஆட்டக் கூட்டத்தை இதன் தலையில் சுமத்தாதீர்கள்.

ஜேபிஎல் பார்ட்டிபாக்ஸ் 310 பற்றித்தான் எல்லா மாமாக்களும் கேட்கிறார்கள். 240 வாட்ஸ், 18 மணி நேர பேட்டரி, சக்கரம், இழுக்கும் கைப்பிடி, கண்ணைப் பறிக்கும் லைட். வீட்டு பிராய்க்கு (முற்றத்தில் இறைச்சி சுடும் விருந்து), தம்பியின் பிறந்தநாளுக்கு நல்ல சாமான்தான், பாஸும் அதன் உருவத்துக்கு நன்றாகவே வரும். ஆனால் காசு வாங்கிக்கொண்டு போகும் வேலைக்கு எக்ஸ்எல்ஆர் உள்ளீடு (பேலன்ஸ்டு கேபிள் சொருகும் மூன்று பின் துளை) இல்லாத பெட்டியை நான் எடுத்துப் போக மாட்டேன். மிக்சரிலிருந்து பத்து மீட்டர் பேலன்ஸ்டு கேபிள் போட்டால் இரைச்சல் இல்லாமல் வரும், சாதாரண ஆடியோ கேபிளை அவ்வளவு தூரம் இழுத்தால் இரைச்சல் ஏறுவதற்கு வாய்ப்பு அதிகம். எடையும் 17 கிலோவுக்கு மேல். ஏறக்குறைய அதே எடையில் கே12.2 கிடைக்கும்போது கை அங்கேதான் போகும்.

சரி, என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். மொபைல் டிஸ்கோவின் அடித்தளம் பிளக்கில் ஓடும் 12 அங்குல ஆக்டிவ் ஸ்பீக்கர் (ஆம்ப் உள்ளேயே இருப்பது) இரண்டு, அதற்குத் துணையாகப் பேட்டரிப் பெட்டி ஒன்று. பணம் ஒரே நேரத்தில் இல்லையென்றால் முதலில் அந்த ஜோடியை வாங்குங்கள், பேட்டரிப் பெட்டி அப்புறம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், காரணம் லோட்ஷெட்டிங், அதாவது முறை வைத்துக் கரன்டை நிறுத்துவது. 2022, 2023இல் நாடு முழுக்க அது உச்சத்தில் இருந்தபோது பேட்டரி இல்லாமல் வேலைக்கே போக முடியாது என்ற பயம் எல்லோருக்கும் வந்தது, நியாயமான பயம்தான். 2024 மார்ச் கடைசியிலிருந்து நிலைமை வெகுவாகச் சீரானது. இப்போது கரன்ட் போவதென்றால் பெரும்பாலும் கேபிள் திருட்டு, தெருவில் பழுது, இல்லையென்றால் அந்த வீட்டின் பிரேக்கர்.

பிரேக்கர் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் பார்ட்டி நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான், பழி மட்டும் டிஜே மேல் விழும். இன்றைய ஆக்டிவ் ஸ்பீக்கர்களில் இருப்பது கிளாஸ் டி என்ற சிக்கனமான ரக ஆம்ப், பாட்டு ஓடும்போது சராசரியாக மிகக் குறைந்த கரன்டைத்தான் இழுக்கும். இழுப்பது யார் என்றால் டீத்தண்ணி கொதிக்கும் அந்தப் பெரிய அர்ன். 230 வோல்ட்டில் 2300 வாட்ஸ் அர்ன் ஒன்றுக்கு மட்டும் 10 ஆம்பியர் போகும், பக்கத்திலேயே சாப்பாடு சூடாக்கும் வார்மர் இரண்டு இருந்தால் கேட்கவே வேண்டாம். போனதும் முதல் வேலை, ஆன்ட்டியிடம் அர்ன் எந்த பிளக்கில் இருக்கிறது என்று கேட்டு, நமக்கு வேறு சர்க்யூட்டிலிருந்து ஒரு பிளக் வாங்கிக்கொள்வது. எக்ஸ்டென்ஷன் ரீல் என்றால் முழுக்கப் பிரித்து விடுங்கள், சுருளாகவே வைத்து ஓட்டினால் உள்ளே சூடாகும்.

அப்புறம் பாஸ். டர்பன் கூட்டம் குத்துப்பாட்டோடு நிற்காது, ஒன்பது மணிக்கு மேல் கோம் (gqom) என்ற ஆட்ட இசை கேட்பார்கள், அது பிறந்ததே இந்த ஊரில்தானே, அதன் பின்னாலேயே இன்னொரு தென்னாப்பிரிக்க ஆட்ட இசையான அமாபியானோ வரும். அமாபியானோவின் லாக் டிரம் என்ற பாஸ் ஒலி இறங்கும் ஆழத்தை 8 அங்குல ஊஃபரில் நெஞ்சில் உணர முடியாது, அதன் சாயல் மட்டும்தான் காதில் விழும். 12 அங்குல ஜோடி ஓரளவு தாங்கும், ஐம்பது அறுபது பேர் கூடத்துக்குப் போதும். அதற்கு மேல் கூட்டம் என்றால் 15 அங்குல டாப் (ஸ்டாண்டில் ஏறும் பெட்டி) தேடுவதைவிட 12உடன் ஒரு சப், அதாவது பாஸுக்கென்றே உள்ள தனிப் பெட்டி, சேர்ப்பது நல்லது. சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப் பார்த்துக்கொண்டால் மேலே உள்ள பெட்டிக்குப் பாரம் குறையும், பாடகர் குரல் உடனே தெளியும். சப்பைச் சுவர் ஓரமாக வைத்தால் பாஸ் இன்னும் கூடும், காசு செலவில்லாமல்.

கடையில் சோதிக்கும்போது அவர்கள் போடும் டெமோ பாட்டைக் கேட்டு மயங்காதீர்கள். உங்கள் பாட்டை உங்கள் யுஎஸ்பியில் கொண்டு போங்கள், ஒன்று லாக் டிரம் உள்ளது, ஒன்று ஆண் குரல் மட்டும் முன்னால் நிற்கும் பழைய தமிழ்ப் பாட்டு. சத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றி லிமிட்டர் (எல்லை மீறினால் சத்தத்தை அடக்கும் காவல்) லைட்டையே பார்த்துக்கொண்டிருங்கள். லைட் எப்போதாவது மினுக்கினால் பரவாயில்லை, எரிந்தபடியே நின்றால் அந்தப் பெட்டி அதற்கு மேல் கொடுக்காது, நீங்கள் ஏற்றுவதெல்லாம் சத்தத்தை நசுக்கத்தான் செய்யும். பிறகு பாட்டை நிறுத்தி, காதைப் பக்கத்தில் வைத்து ஃபேன் சத்தம், ஸ் என்ற இரைச்சல் கேளுங்கள், தாலி கட்டும் நேரத்து அமைதியில் அதுதான் வெளியே வரும். கைப்பிடியைப் பிடித்து ஸ்டாண்டில் ஒருமுறை நீங்களே தூக்கி வையுங்கள். கே12.2இன் எடை 17.7 கிலோ, சாட்ஸ்வர்த் மேட்டு வீடுகளில் ரோட்டிலிருந்து படி இறங்கி முற்றத்துக்கு இரண்டைக் கொண்டு போய், நள்ளிரவில் திரும்ப ஏற்ற வேண்டும்.

ஸ்டாண்ட் இல்லாமல் ஸ்பீக்கர் வாங்கவே வாங்காதீர்கள். மேல் சுருதி வெளிவரும் ஹார்ன், ஆடுபவர்களின் தலைக்கு மேல் இருக்க வேண்டும். தரையில் வைத்தால் முன்வரிசை உடம்புகளே மேல் சுருதியை விழுங்கிவிடும், பின்னால் இருப்பவர் கேட்கவில்லை என்பார், நீங்கள் சத்தத்தை ஏற்றுவீர்கள், முன்னால் நிற்கும் குழந்தைக்குக் காது வலிக்கும்.

புளூடூத் உள்ள பெட்டி என்றால் அதைச் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு கேபிள்தான். லேப்டாப் சார்ஜர் போட்டதும் ம்ம் என்று இரைச்சல் வந்தால் லேப்டாப், மிக்சர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே பிளக்கிலிருந்து எடுங்கள், அப்படியும் போகவில்லையென்றால் ஒரு டிஐ பாக்ஸ் (லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில் போடும் சின்னப் பெட்டி) வாங்குங்கள். எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் இரைச்சல் போகும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கையில் உலோக மைக் பிடித்து ஈரப் புல்லில் ஒருவர் நிற்கிறார், அதை மட்டும் செய்யவே கூடாது.

பழைய சாமான் வாங்குபவர்கள், குறைந்த சத்தத்தில் ஆழமான பாஸ் பாட்டு ஒன்றைப் போட்டு ஊஃபர் அருகே காது வையுங்கள், உரசும் சத்தம் கேட்டால் வாய்ஸ் காயில் (ஊஃபரை அசைக்கும் கம்பிச் சுருள்) வெந்திருக்கலாம். கிரில்லின் ஓரத் திருகுகளைப் பாருங்கள், கடற்கரைப் பக்கம் ஓடிய பெட்டி என்றால் துரு அங்கேதான் முதலில் தெரியும். டர்பனிலேயே பழுது பார்த்துக் கொடுப்பார்களா, ஜோஹன்னஸ்பர்க் அனுப்ப வேண்டுமா என்று வாங்குவதற்கு முன்னாலேயே கேளுங்கள், கல்யாண சீசனில் ஒரு பெட்டி வாரக்கணக்கில் கையை விட்டுப் போனால் வாடகைக்கே லாபம் கரையும்.

பேட்டரிப் பெட்டி வைத்திருப்பவர்கள் புரட்டாசியை நினைவில் வையுங்கள். விரத மாதம், கல்யாணம் கிடையாது, சாமான் சும்மா கிடக்கும். லித்தியம் பேட்டரியை முழுக்க இறங்கிய நிலையில் அப்படியே விட்டால் மறுபடி எழாமல் போகலாம், முழு சார்ஜில் வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் போட்டாலும் ஆயுள் குறையும். பாதி சார்ஜில் வீட்டுக்குள் நிழலான இடத்தில் வைத்து, மாத நடுவில் ஒருமுறை லைட்டைப் பாருங்கள். தீபாவளி புக்கிங் அதன் பின்னாலேயே வந்துவிடும்.