ஸ்மோக்கருக்கு மரப் பக்கமேசை: பல மழையும் வெயிலும் பார்த்த பிறகு

இறைச்சியைப் புகையில் மெதுவாக வேகவைக்கும் அடுப்பான ஸ்மோக்கரை வாங்கும்போது அதோடு வரும் தகரத் தட்டு இறைச்சித் தட்டை வைக்கவே போதாது. கத்தி, இடுக்கி, மசாலாக் கிண்ணம் எல்லாம் தரைக்குத்தான் போகும். அதனால் மரத்தில் ஒரு பக்கமேசை செய்து மாட்டுவது பலரும் செய்கிற முதல் மாற்றம். செய்வதற்கு ஒரு நாள் வேலைதான். ஆனால் ஓரிரு வருடத்தில் ஆட்டம் காணும் மேசைகளைப் பிரித்துப் பார்த்தால் மரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டிருப்பது சூடான இரும்பும் மரமும் சேரும் இடம். அந்த இடத்தைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

முதலில் எங்கே மாட்டுவது என்று பார்ப்போம். பக்கவாட்டில் நெருப்பறை உள்ள ஸ்மோக்கரில் சமைக்கும் பீப்பாய் 107 முதல் 135 டிகிரி செல்சியஸில் ஓடும். நெருப்பறையின் மேல்தகடு 300 டிகிரியையும் தாண்டலாம். பீப்பாயில் துளை போட்டு மேசையை முடுக்குவது வேண்டாம். துளை வழியே புகை கசியும், கொழுப்பு வடியும், பெயின்ட் உரிந்து அங்கிருந்தே துரு பிடிக்கும். கூடவே, ஒரு மீட்டர் நீள இரும்பு 100 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். ஒவ்வொரு சமையலிலும் இப்படி நீண்டு சுருங்கினால் போல்ட் தானாகத் தளர்ந்துவிடும். மேசையைக் கால்களில் மாட்டுங்கள். கால் அவ்வளவு சூடாவதில்லை, நீட்சியும் குறைவு.

பீப்பாய்க்கும் மரத்தின் ஓரத்துக்கும் நடுவே குறைந்தது 50 மில்லிமீட்டர் காற்று இடைவெளி வேண்டும். நெருப்பறைப் பக்கம் 200 மில்லிமீட்டர் விடுங்கள். அவ்வளவு இடமில்லை என்றால் ஒரு மில்லிமீட்டர் தகட்டை, மரத்திலிருந்து 25 மில்லிமீட்டர் தள்ளி, மறைப்பாக நிறுத்தலாம். மறைப்பை மரத்தோடு ஒட்டி அடித்தால் பயனே இல்லை. அதற்குப் பின்னால் காற்று ஓடினால்தான் சூடு குறையும். 'மரம் தீப்பிடிக்க 250 டிகிரிக்கு மேல் வேண்டுமே' என்று சிலர் துணிந்துவிடுகிறார்கள். அது புது மரத்துக்குப் பொருந்தும். 100 டிகிரிக்கு மேல் மாதக்கணக்கில் வெந்த மரம் மெல்லக் கரியாகி, அதைவிடக் குறைந்த சூட்டிலேயே கனலத் தொடங்கிவிடும். முழுச் சூட்டில் ஓடும்போது உள்பக்க ஓரத்தில் கை வைத்துப் பாருங்கள். ஐந்து நொடி வைக்க முடியவில்லை என்றால் இடைவெளி போதாது.

இனி அளவு. 20 மில்லிமீட்டர் கனம், 65 மில்லிமீட்டர் அகலம், 780 மில்லிமீட்டர் நீளத்தில் நான்கு ரீப்பர், அதாவது மரச்சட்டம். நடுவே 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் மொத்த அகலம் 278 வரும். இதைத் தாங்க 25×25×3 ஆங்கிளில் (L வடிவ இரும்பு) 750×280 அளவில் ஒரு சட்டகமும் நடுவே ஒரு குறுக்குக் கம்பியும். இதற்கு 2.34 மீட்டர் ஆங்கிள் ஆகும். காலோடு சேர்கிற இரண்டு முக்கோணத் தாங்கிகளையும் கணக்கில் எடுத்து, வெட்டுச் சேதாரத்தோடு 4 மீட்டர் வாங்கினால் போதும்.

தாங்கியின் உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மேசையின் வெளி ஓரத்தில் 10 கிலோ வைத்தால், 300 மில்லிமீட்டர் நீட்டத்துக்கு ஏறக்குறைய 29 நியூட்டன் மீட்டர் முறுக்கு வரும். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையே 50 மில்லிமீட்டர்தான் என்றால் மேல் போல்ட்டுகளை 590 நியூட்டன் இழுக்கும். அதையே 200 ஆக்கினால் 147 நியூட்டன்தான். மேசை முன்பக்கம் தொங்கிப்போவதற்கு முக்கால்வாசி காரணம் குட்டையான தாங்கிதான். தாங்கிக்கு இரண்டாக, 8 மில்லிமீட்டர் போல்ட் நான்கு போதும். நைலான் வளையம் உள்ள லாக் நட்டைப் பீப்பாய்க்கு அருகே போடாதீர்கள். 120 டிகிரியை ஒட்டி நைலான் இளகிப் பிடியை விட்டுவிடும். முழு உலோக லாக் நட்டு நம்பகமானது.

ஒரே அகலப் பலகையாகப் போட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தேக்கிலேயே, ஈரப்பதம் ஆறு சதவீதம் மாறினால் 280 மில்லிமீட்டர் பலகை அகலவாக்கில் 3 மில்லிமீட்டர் வரை உப்பிச் சுருங்கும். இரும்பில் இறுக்கிப் பிடித்திருந்தால் அது எங்கே போகும்? நடுவில் பிளக்கும். 65 மில்லிமீட்டர் ரீப்பரில் அசைவு முக்கால் மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்கும் இடம் விடுங்கள். ஆங்கிளில் 6 மில்லிமீட்டர் துளை, அதில் 4×18 அளவுத் திருகாணி, நடுவே வாஷர். மரத்தில் 3 மில்லிமீட்டர் முன்துளை போடாமல் திருகினால் நுனிகள் வெடிக்கும். சட்டகத்தின் இரு முனைகளும் நடுக்கம்பியுமாக மூன்று குறுக்கிலும் ரீப்பருக்கு இரண்டிரண்டாக, மொத்தம் 24 திருகாணி. எல்லாம் அடியிலிருந்து ஏறவேண்டும். மேலே துளை இருந்தால் தண்ணீரும் கொழுப்பும் அதில்தான் இறங்கும். வெள்ளை பசை போட்டு ஒட்டும் வேலை வேண்டாம். சூட்டில் இளகும், மழையில் விட்டுவிடும்.

திருகாணி கட்டாயம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதாரண இரும்புத் திருகாணி ஈரத்தில் தேக்கிலும் ஓக்கிலும் உள்ள துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் கருநீலக் கறை படியும். உப்புத்தாள் போட்டாலும் அது போகாது. துத்தநாகம் பூசிய பாகங்கள் கால் பக்கம் இருக்கலாம், நெருப்பறைக்கு அருகே கூடாது. அதிகச் சூட்டில் அதிலிருந்து வரும் புகை கெடுதல்.

மரத்தில் தேக்கின் வைரப்பகுதிதான் முதல் தேர்வு. ஓரத்து வெளிர் மரத்தை ஒதுக்கிவிடுங்கள், மழையில் முதலில் மக்குவது அதுதான். பைன் மலிவு, ஆனால் சூட்டில் பிசின் கசிந்து கை வைக்கும் இடமெல்லாம் ஒட்டும். பிளைவுட் ஓரத்திலிருந்து இதழ் இதழாகப் பிரியும். பூச்சி மருந்து ஏற்றிய மரமும், எங்கிருந்து வந்தது என்று தெரியாத பெட்டிப் பலகையும் உணவுக்கு அருகே வேண்டாம்.

மேல்பூச்சில்தான் காலம் தன் தீர்ப்பைத் தெளிவாகச் சொல்கிறது. வார்னிஷ் முதல் கோடைவரை கண்ணாடியாக இருக்கும். பிறகு பீப்பாய்ப் பக்க ஓரத்தில் கொப்பளித்து, அந்தக் கொப்பளத்துக்கு அடியில் தண்ணீர் தங்கி மரம் கறுக்கும். அதைச் சரிசெய்ய முழுவதையும் சுரண்டவேண்டும். ஆளி விதை எண்ணெயில் அந்தத் தொல்லை இல்லை. மெல்லிசாகத் தடவி, பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மூன்று முறை. ரீப்பரின் வெட்டுமுனைகள் அதிகம் குடிக்கும், அங்கே இன்னொரு கை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, 120 எண் உப்புத்தாளும் பிறகு 180-ம் போட்டு, ஒரு கை எண்ணெய் விட்டால் போதும். கொழுப்புக் கறை முழுசாகப் போகாது, மேசையின் நிறமாகவே ஆகிவிடும். பச்சை இறைச்சியை மட்டும் நேராக மரத்தில் வைக்காமல் ஸ்டீல் தட்டில் வையுங்கள். ரீப்பர் இடைவெளியில் இறங்கும் சாறு அடி ஆங்கிளில் தேங்கும், அதில் உள்ள உப்பு பெயின்ட்டைத் தின்னும். கழுவும்போது அந்த ஆங்கிளின் உள்மூலையை ஒரு பழைய பிரஷ்ஷால் தேய்ப்பது முக்கியம், துரு ஆரம்பிப்பது அங்கேதான். தார்ப்பாய் போட்டு மூடினால் அடியில் காற்று போகும்படி விடுங்கள். இறுகக் கட்டிய தார்ப்பாய்க்குள் மழை ஈரம் அடைந்து பூஞ்சை படர்வது, நேராக மழையில் நனைவதைவிட மோசம்.

மடக்கு மேசை தேவையா என்று கேட்டால், நடைபாதை குறுகலாக இருந்தால் மட்டும். மடக்குத் தாங்கியின் கீலில் புகைப்பிசினும் சாம்பலும் ஏறி இறுகும். பிறகு ஆட்டமும் வந்துவிடும். இரண்டு சக்கர ஸ்மோக்கர் என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: மூடியைத் திறந்த நிலையில், மேசையின் வெளி ஓரத்தில் 10 கிலோ வைத்து, ஸ்மோக்கர் சாய்கிறதா என்று நெருப்பு மூட்டுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

முதலில் தேய்வது பீப்பாயை ஒட்டிய ரீப்பர். ஆகவே மரம் அறுக்கும்போதே அதே கட்டையிலிருந்து ஒன்றிரண்டு அதிகமாக அறுத்து, முன்துளையும் போட்டு, எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள். ஆறு திருகாணியைக் கழற்றினால் மாற்றும் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.