மீட்டரில் 52,000, சர்வீஸ் கணக்கில் 1,31,000: பழைய கார் வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

கோவையில் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் 2015 மாடல் டீசல் கார் வாங்கினேன். மீட்டரில் 52,000 கி.மீ. "டாக்டர் வச்சிருந்த வண்டிங்க சார், வீட்டுக்கும் கிளினிக்குக்கும் போய்ட்டு வந்ததோட சரிங்க" என்றார் கடைக்காரர். (பழைய கார் விற்கிற எல்லோருக்கும் எங்கிருந்தோ ஒரு டாக்டர் கிடைத்துவிடுகிறார்.) ஆர்சி என் பெயருக்கு மாறியதும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டேன். வண்டி நம்பரைக் கணினியில் போட்டார்கள், பழைய சர்வீஸ் எல்லாம் வரிசையாக வந்தது. 2021ல் கடைசியாக அங்கே வந்தபோதே 1,31,000 ஓடியிருக்கிறது.

கன்சல்டிங்கில் போய்க் கேட்டபோது சொன்ன சமாதானங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. எல்லாவற்றிலும் ஒரு துளி உண்மை கலந்திருக்கிறது. விவரம் தெரியாவிட்டால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம்.

"டயர் மாத்துன வண்டிங்க, மீட்டர் முன்னப்பின்ன காட்டத்தான் செய்யும்" என்றது முதலாவது. காரில் தூரத்தை நேரடியாக யாரும் அளப்பதில்லை. சக்கரமோ, கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டோ எத்தனை முறை சுற்றியது என்று ஒரு சென்சார் எண்ணுகிறது. ஒரு சுற்றுக்கு இத்தனை தூரம் என்று கம்பெனியில் பதித்து அனுப்பிய அளவால் பெருக்கினால் கிலோமீட்டர். அந்தச் சுற்றுகள் எவ்வளவு நேரத்தில் வந்தன என்று பார்த்தால் வேகம். அதனால் டயரின் விட்டம் மாறினால் கணக்கும் மாறும். ஆனால் எவ்வளவு மாறும்? என் வண்டிக்கு 185/65 ஆர் 15 டயர், விட்டம் சுமார் 62 செ.மீ. அதை எடுத்துவிட்டு 195/65 ஆர் 15 போட்டால் விட்டம் 2 சதவீதம் கூடும். 100 கி.மீ. ஓடினால் மீட்டரில் 98 ஏறும். தேய்ந்த டயரில் இது தலைகீழ்: புதிதில் 8 மி.மீ. உயரம் இருக்கும் பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் மேடு), சட்டம் அனுமதிக்கும் 1.6 மி.மீ. வரை தேய்ந்தால் விட்டம் ஏறக்குறைய 2 சதவீதம் குறையும், மீட்டர் கூட்டிக் காட்டும். காற்று குறைவாக இருந்தாலும் கூட்டித்தான் காட்டும், அது இன்னும் சொற்பம். 1,31,000 ஓடிய வண்டி டயரால் மட்டும் 52,000 காட்ட வேண்டுமென்றால் டயரின் விட்டம் ஒன்றரை மீட்டருக்கு மேல் இருந்திருக்க வேண்டும். டாக்டர் டிராக்டரின் பின்சக்கரத்தை மாட்டி கிளினிக்குக்குப் போயிருப்பாரோ என்னவோ.

அடுத்தது ஜிபிஎஸ். "செல்போன்ல போட்டுப் பாருங்க சார், மீட்டர் 100 காட்டுனா அதுல 94தான் வரும். மீட்டரே அப்படித்தாங்க." 94 வருவது உண்மை. உலகின் பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. 39ஆம் விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. 10 சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் கூட்டிக் காட்டலாம். அதனால் கம்பெனிகள் முள்ளைக் கொஞ்சம் தூக்கியே வைக்கின்றன. இது வேகத்துக்கு மட்டும். தூரக் கணக்கில் இந்தத் தூக்கல் கிடையாது. சேலம் போகும் என்ஹெச் 544ல் கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிட்டு ஓட்டிப் பார்த்தேன், ஓடோமீட்டர் சரியாகவே ஏறுகிறது. எண்ணுகிற இடத்தில் பழுதில்லை. எண்ணி வைத்த தொகையில்தான் கை வைத்திருக்கிறார்கள்.

"பேட்டரி கழட்டுனப்ப ரீசெட் ஆயிருக்கும்" என்றும் ஒரு பேச்சு. கடிகாரமும் டிரிப் மீட்டரும் அழியலாம். மொத்தக் கிலோமீட்டர் மீட்டருக்குள் ஒரு சிப்பில் இருக்கிறது, மின்சாரமே இல்லாவிட்டாலும் அப்படியே இருக்கும். தவிர, ரீசெட் ஆனால் பூஜ்யத்துக்கல்லவா வரும், 52,000க்கு எப்படி வந்து நிற்கும்? கியர்பாக்ஸிலிருந்து கேபிள் போட்ட பழைய மீட்டர்களில் எண் சக்கரங்களைக் கையால் திருப்புவார்கள். இப்போது ஒரு கருவியைச் சொருகி, வேண்டிய எண்ணைச் சிப்பில் எழுதிவிடுகிறார்கள்.

ஆனால் சில மாடல்களில் இன்ஜினை இயக்கும் கணினி (ஈசியூ), பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் போன்றவற்றிலும் கிலோமீட்டர் பதிவாகும். ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கை அழைத்துப் போனால் அதையும் பார்ப்பார். மீட்டரே மாற்றினோம் என்றால் பில் இருக்க வேண்டும்.

டேஷ்போர்டில் தெரியும் "லிட்டருக்கு 24" என்பதையும் நம்ப வேண்டாம். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை வைத்து கணினி போடும் உத்தேசம் அது; ரீசெட் செய்து பைபாஸில் ஒரே சீராக ஓட்டினால் அழகான எண் வரும். டேங்க் நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்தால்தான் நிஜம்.

இதில் விலை ஏமாற்றம் சின்ன விஷயம். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் உள்ள பல இன்ஜின்களில் அதை லட்சம் கி.மீ. வாக்கில் மாற்றச் சொல்வார்கள். மீட்டர் 52,000 காட்டினால் இன்னும் நாள் இருக்கிறது என்று விட்டுவிடுவோம். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் வால்வு வளைந்து இன்ஜின் வேலை வரை போகும். என் வண்டியில் பெல்டுக்குப் பதில் செயின், அதனால் தப்பித்தேன். கிளட்சும் இன்ஜெக்டரும் தப்பவில்லை.

டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேளுங்கள். தரத் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் பளபளப்பு, டிரைவர் சீட்டின் ஓரம், டிரைவர் பக்க சீட் பெல்ட் இவற்றையெல்லாம் பாருங்கள். மீட்டரைத் திருப்புகிறவர்கள் பெடல் ரப்பரை மறந்துவிடுகிறார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019ன் 23ஆம் வாரம் தயாரித்தது. மிகக் குறைவாக ஓடியதாகச் சொல்லும் வண்டியில் நான்கு டயரும் பிந்தைய தேதியில் இருந்தால் காரணம் கேளுங்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. அவர்களிடம் நிற்கும் வண்டி எதற்காக எவ்வளவு ஓடியது என்ற மின்னணுப் பதிவேடும் வைக்க வேண்டும். கடையில் அந்தச் சான்றைக் காட்டச் சொன்னேன், டீ வந்தது.

நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்திருக்கிறேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு போகிறது. மோசடிக்குக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 318ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. கடைக்காரர் இப்போதைக்கு இலவசமாக பாலிஷ் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். என் கையில் இருக்கும் பலமான ஆதாரம் டெலிவரி நோட். அதில் 52,000 என்று அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நீங்களும் கிலோமீட்டரை எழுத வையுங்கள். "மீட்டருக்கெல்லாம் நாங்க எழுதித் தர்றதில்லைங்க" என்றால் அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.