சிமெண்டுத் தூசியிலும் உப்புக் காற்றிலும் சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ரா

2024 ஜனவரியில் 1,29,999 ரூபாய் விலையில் அறிமுகமான போன் இது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் சிறிய கட்டடப் பொறியியல் அலுவலகம் நடத்தும் நான் இதை வேலைக்காகவே வாங்கினேன். என் வேலைத்தளங்கள் தேவனாம்பட்டினம் கடற்கரை ஓரத்தில் தொடங்கி, மேற்கே நெல்லிக்குப்பம், வடக்கே புதுச்சேரி முத்தியால்பேட்டை என்று சிதறிக் கிடக்கின்றன. இந்த அலைச்சலுக்கு நடுவே இந்தப் போன் கொடுத்த காசுக்கு உழைக்கிறது. ஆனால் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் போடுகிறார்களே, அந்த 200 மெகாபிக்சல் அதற்குக் காரணம் இல்லை.

முதல் காரணம் திரை. சித்திரை வெயிலில், நண்பகலில், கம்பி கட்டி முடித்த தளத்தின் மேல் நின்றுகொண்டு வரைபடத்தைத் திறந்து பாருங்கள். கான்கிரீட்டைத் தாங்க அடியில் அடிக்கும் செண்ட்ரிங் தகடுகள் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். என்னிடம் முன்பு இருந்த நடுத்தர விலைப் போனில் துப்பட்டாவைத் தலைக்கு மேல் கூடாரம்போல் பிடித்தால்தான் தூணுக்குத் தூண் உள்ள அளவு தெரியும். இந்தத் திரையின் உச்ச ஒளி 2,600 நிட் (திரையின் ஒளியை அளக்கும் அலகு). அதைவிட முக்கியமாக, மேலே இருக்கும் கொரில்லா ஆர்மர் கண்ணாடி பிரதிபலிப்பை 75 சதவீதம் வரை குறைக்கிறது என்கிறார்கள். சதவீதத்தை அளக்க என்னிடம் கருவி இல்லை, ஆனால் வானமும் என் முகமும் திரையில் தெரிவதற்குப் பதிலாக வரைபடம் தெரிகிறது. மேஸ்திரியிடம் போனை நீட்டினால் அவரும் கண்ணைச் சுருக்காமல் படிக்கிறார். ஒரு தூண் நான்கு அங்குலம் தள்ளிப் போவதை இது தடுத்தால்கூட எவ்வளவு மிச்சம் என்பது கட்டடம் கட்டியவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது கேமரா. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 200 மெகாபிக்சல் என்பது முதன்மைக் கேமராவின் சென்சார். சாதாரணமாகப் படம் எடுக்கும்போது பதினாறு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் போன் தருகிறது. அதுவே போதும். முழு 200 மெகாபிக்சலில் எடுத்து வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால், அது சுருக்கிப் போய்ச் சேரும். பாரிஸில் வசிக்கும் ஒரு புதுச்சேரிக் குடும்பத்துக்கு முத்தியால்பேட்டையில் வீடு கட்டித் தருகிறேன். கான்கிரீட் போடும் முன் ஒவ்வொரு பீமையும் படம் எடுத்து அனுப்புவது எங்கள் ஒப்பந்தம். அதை ஆவணமாக இணைத்துத்தான் அனுப்புகிறேன். அந்த வீட்டுப் பெரியவர் படத்தைப் பெரிதாக்கி, கம்பிகளைச் சுற்றிக் கட்டிய ரிங்குகளின் இடைவெளியை எண்ணிவிட்டுத்தான் பேசுவார். "இடது ஓரத்தில் கவர் பிளாக் வைக்கவில்லையே அம்மா" என்று ஒரு முறை அங்கிருந்து சுட்டிக்காட்டினார். கம்பி அச்சுப் பலகையில் ஒட்டாமல் இருக்க வைக்கும் சிறு கட்டை அது. சரியாகத்தான் சொன்னார். வைத்த பிறகே கான்கிரீட் போட்டோம்.

எனக்கு உண்மையில் கைகொடுப்பவை 3 மடங்கு, 5 மடங்கு லென்சுகள். புதுச்சேரியின் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரைகள் இருக்கும்: மர உத்திரங்கள், அவற்றின் மேல் செங்குத்தாக நிறுத்திய செங்கற்கள், சுண்ணாம்புக் காரை. கூரையோ நல்ல உயரம். உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் ஈரம் இறங்கும், கரையான் புகும். முன்பெல்லாம் ஏணி வரவழைத்து, பிடித்துக்கொள்ள ஆள் வைத்து, ஒவ்வொரு உத்திரமாக ஏறிப் பார்க்க வேண்டும். இப்போது தரையில் நின்றபடி 5 மடங்கு லென்சில் எல்லா முனைகளையும் படமெடுத்து, சந்தேகப்படும் இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் ஏணி போடுகிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, அதன் பின் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததிலிருந்து, விரிசலையும் சுவர் ஊறலையும் வந்து பார்க்கச் சொல்லும் அழைப்புகள் எனக்கு அதிகம். இரண்டாம் மாடி சன்ஷேடின் அடிப்பக்கம் ஓடும் விரிசலைத் தெருவிலிருந்தே தெளிவாகப் பிடிக்க முடிகிறது.

100 மடங்கு வரை பெரிதாக்கலாம் என்று சொல்வதை மட்டும் என் தொழிலில் நம்பி இறங்க மாட்டேன். 10 மடங்கைத் தாண்டினால் பெரும்பகுதி மென்பொருளின் ஊகம். அது கரையான் துளையா, பழைய சுண்ணாம்புக் கறையா என்று தீர்ப்புச் சொல்ல அந்தப் படம் உதவாது. ஏறித்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் போனுக்குள்ளேயே செருகி வரும் பேனா வேண்டாத அலங்காரம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் வேலையில் அப்படி இல்லை. பேனாவை உருவியதும், திரை அணைந்திருந்தாலும் கறுப்புப் பலகையில் எழுதுவதுபோல் அப்படியே எழுதலாம். விரலில் சிமெண்டு அப்பியிருந்தாலும் ஓர் அறையின் நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ள முடிகிறது. எடுத்த படத்தின் மேலேயே வட்டம் போட்டு, "இங்கே இன்னும் ஒரு கம்பி" என்று தமிழில் கையால் எழுதி மேஸ்திரிக்கு அனுப்புகிறேன். போனில் அரைமணி நேரம் விளக்கினாலும் விளங்காதது அந்த ஒரு வட்டத்தில் விளங்கிவிடுகிறது. எழுதுவதற்குப் பேனாவை சார்ஜ் செய்யவும் தேவையில்லை. 2025 ஜனவரியில் வந்த அடுத்த மாடலான எஸ்25 அல்ட்ராவும் அதே 1,29,999 ரூபாயில்தான் தொடங்கியது. என் பேனாவில் இருக்கும் புளூடூத் அதன் பேனாவில் இல்லை, போனின் எடை 218 கிராம். என்னுடையது 232 கிராம். என் கைக்கு இது பெரிதுதான், உறையும் போட்டால் சட்டைப்பைக்குள் அடங்காது.

தூசியையும் தண்ணீரையும் தாங்கும் என்று இந்தப் போனுக்குச் சொல்லும் ஐபி68 தரம் என்பது நல்ல தண்ணீரில் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரத்துக்கான சோதனை. கடல் நீருக்கு அந்த உறுதி பொருந்தாது. சில்வர் பீச்சில் குழந்தைகள் கையில் கொடுத்து அலையில் இறங்குபவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சார்ஜர் துளையில் சிமெண்டுத் தூசியும் ஈரமும் சேர்ந்தால் கெட்டியாகிவிடும். மாலையில் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுவதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

இனி பணம். ஏழு ஆண்டுகளுக்கு ஆண்ட்ராய்டு மேம்பாடும் பாதுகாப்புப் புதுப்பிப்பும் தருவதாக சாம்சங் அறிவித்திருக்கிறது. இந்த விலைக்கு அதுதான் உண்மையான நியாயம் என்று நினைக்கிறேன். வங்கிச் செயலி, ஒப்பந்தங்கள், வாடிக்கையாளர் வீட்டுப் படங்கள் எல்லாம் இருக்கும் கருவி, பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்ற பிறகும் கையில் இருக்கக் கூடாது. ஆனால் அந்த ஏழு ஆண்டுகள் நாம் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, போன் அறிமுகமான 2024இலிருந்து ஓடுகின்றன. முதல் மாதமே வாங்கியவருக்கு 84 மாதங்கள், மாதத்துக்கு 1,548 ரூபாய் விழுகிறது. நான் 2025 ஏப்ரலில் 98,000 ரூபாய்க்கு வாங்கினேன். மிச்சமிருந்தது ஏறத்தாழ 69 மாதங்கள், மாதத்துக்கு 1,420 ரூபாய். 32,000 ரூபாய் குறைந்ததாகத் தெரிகிறது. மாதக் கணக்கில் பார்த்தால் வித்தியாசம் 130 ரூபாய்கூட இல்லை. தள்ளுபடித் திருவிழாவில் இரண்டு மூன்று ஆண்டு பழைய மாடலைப் பார்த்து மயங்குபவர்கள் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்க வேண்டும். இடையில் ஒரு முறையாவது பேட்டரி மாற்ற வேண்டிவரும், அதையும் கணக்கில் சேருங்கள்.

வட்டியில்லாத் தவணை என்பதிலும் கவனம் தேவை. கடைக்காரர் வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்துக் கொடுத்தாலும், வங்கி அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியை வசூலிக்கும், செயலாக்கக் கட்டணமும் தனி.

என் அக்கா மகன் புதுச்சேரியில் பொறியியல் படிக்கிறான். "சித்தி, நானும் இதையே தவணையில் வாங்கட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். பாடக் காணொளி, வாட்ஸ்அப், பணப்பரிமாற்றம், நண்பர்களோடு பாறைக் கடற்கரையில் படங்கள்: இவ்வளவுக்கும் 30,000 ரூபாய்ப் போன் தாராளம். மிச்சப் பணத்தில் நல்ல மடிக்கணினி வாங்கினால் அவன் படிப்புக்கு உதவும். வேலையில் ஓர் ஏணியையோ ஓர் ஆளையோ ஒரு வீண் பயணத்தையோ மிச்சப்படுத்தினால்தான் இந்த விலை திரும்பி வரும். அவனுக்கு அப்படி எதுவும் இப்போது இல்லை.

எங்கே வாங்குவது என்பதையும் சொல்ல வேண்டும். ஃப்ரிட்ஜ், டிவி, போன் என்றால் வரி குறைவு என்று புதுச்சேரி நேரு வீதிக்கு பஸ் ஏறுவது கடலூர்க்காரர்களின் பழைய பழக்கம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு அந்த லாபம் போய்விட்டது. 2020 ஏப்ரலிலிருந்து செல்போனுக்கு நாடு முழுவதும் 18 சதவீதம்தான். வீட்டு உபயோகத்துக்கு என்றால் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். ஜிஎஸ்டி பதிவு வைத்துத் தொழில் செய்பவர்களுக்கு அப்படி இல்லை. வேலைக்கு வாங்கும் போனுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொள்ளலாம். 98,000 ரூபாயில் அது ஏறத்தாழ 15,000. ஆனால் புதுச்சேரிக் கடையில் மத்திய வரியும் புதுச்சேரி வரியும் போட்டு பில் கொடுத்தால், தமிழ்நாட்டுப் பதிவு வைத்திருக்கும் எனக்கு அந்த வரவு கிடைக்காது. அதனால்தான் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையிலேயே வாங்கினேன். பில் போடத் தொடங்கும் முன்பே ஜிஎஸ்டி எண்ணைச் சொல்லிவிடுங்கள், பில்லில் அது சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.