ஓர்டீஜியா நடைச் சுற்றுலா: ஊற்றுக்காகப் போகலாம்

சிசிலியின் சிராக்யூஸ் நகரில், ஓர்டீஜியா தீவைச் சுற்றிக்காட்டும் மாலை நேர நடையில் சேர்ந்தேன். பழைய நாணயம் சேர்க்கிற ஆள் நான். அதனால் கோயில், சந்தையெல்லாம் சும்மா ஒரு பார்வைதான். வந்ததே அரேத்தூசா ஊற்றுக்காக.

கடலுக்கு ஒட்டினாற்போல் நல்ல தண்ணீர்! கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தால் பாப்பிரஸ் கோரை தலைவிரித்து நிற்கிறது, நடுவே வாத்துகள். கல் தடுப்பு இல்லையென்றால் அலை இதை மூடிவிடும் என்று ரோமானியப் பேச்சாளர் சிசரோ கி.மு. 70-லேயே எழுதிவைத்தார்.

கதை சொல்வதில் வழிகாட்டிப் பெண் கெட்டிக்காரி. கிரேக்கத்தில் ஆல்ஃபியஸ் என்ற நதித் தேவன் துரத்த, அரேத்தூசா என்ற தேவதைப் பெண் ஆர்ட்டெமிஸ் தேவியிடம் முறையிடுகிறாள். தேவி அவளை நீராக்கி இங்கே கொண்டுவந்து சேர்க்கிறாள். அவனும் விடவில்லையாம், கடலுக்கு அடியிலேயே ஓடிவந்து கலந்துவிட்டான். பிடிக்காதவளைத் துரத்தியதைப் போய்க் காதல் கதை என்கிறார்கள்.

என் குறை இதுதான்: நாணயம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த ஊரின் பழங்காலக் கலைஞர் கிமோன் செதுக்கிய வெள்ளிக் காசில் அரேத்தூசா நேராக நம்மைப் பார்ப்பாள், அலையும் கூந்தலுக்குள் டால்ஃபின்கள் நீந்தும். அதன் படமாவது காட்டியிருக்கலாம். காதில் மாட்டிய கருவியும் கரகரவென்று படுத்தியது.

ஐந்துக்கு மூன்றரை. ஊற்றை மட்டும் பார்ப்பதென்றால் சுற்றுலாவே வேண்டாம், தெருவிலிருந்தே தெரியும்.