850 ரூபாய் பெட்டியும் என் காரின் ஆயில் கசிவும்

நானே கட்டிய கார் இது. கோவைக்காரனுக்கு இந்தப் பைத்தியம் ஏன் பிடித்தது என்று யாரும் கேட்பதில்லை. 1980களின் இறுதியில் கரிவர்தன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் செய்த ஊர். என்னுடையதிலும் அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின்தான். இரும்புக் குழாய்ச் சட்டத்தில், ஓட்டுபவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. பதிவெண் கிடையாது. தோட்டத்து மண் பாதையோடு சரி.

ஆறு மாதமாக, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு ராத்திரிக்கு உள்ளங்கை அகலக் கறை. பார்த்த இரண்டு மெக்கானிக்குகளும் ஒரே தீர்ப்புதான் சொன்னார்கள்: "கிராங்க் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது தம்பி, கியர்பாக்ஸை இறக்க வேண்டும்." இன்ஜினின் சுழல் தண்டைச் சுற்றி ஆயில் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம் அது. என் காரில் ஒரு குறுக்குக் குழாயை அறுத்தால்தான் கியர்பாக்ஸ் வெளியே வரும். (வெல்டிங் வைக்கும்போதே யோசித்திருக்க வேண்டும்.) அறுப்பதற்கு முன் 850 ரூபாய் போனால் போகட்டும் என்று, கசிவு கண்டுபிடிக்கும் பெட்டி ஒன்றை வரவழைத்தேன்.

ஒரு சாயப் புட்டி, ஒரு புற ஊதா டார்ச், கண்ணில் மாட்ட ஒரு மஞ்சள் மூக்குக் கண்ணாடி. அவ்வளவுதான். சாயத்தை ஆயிலில் கலந்து ஓட்டினால், ஆயில் கசிந்த இடம் டார்ச் வெளிச்சத்தில் ஒளிரும். ஏசி வாயுவுக்கான சாயமும் இதே போன்ற புட்டியில் வருகிறது. இன்ஜின் ஆயிலுக்கானதா என்று பார்த்து வாங்குங்கள்.

முதல் முறை சொதப்பினேன். கழுவாமல் சாயத்தை ஊற்றி ஓட்டியதில், பழைய அழுக்கோடு கலந்து கியர்பாக்ஸ் முழுக்க மஞ்சள் பச்சையாக ஒளிர்ந்தது. பிறகு மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, கால் மணி நேரம் ஓட்டிவிட்டு ஷெட் விளக்கை அணைத்தேன். வாட்டர் பம்ப் அருகே பச்சையாக ஒன்று மின்னவும் நெஞ்சு திக்கென்றது. தொட்டு முகர்ந்தால் கூலன்ட். பச்சை கூலன்ட்டும் இந்த வெளிச்சத்தில் ஒளிரும் என்று பெட்டியோடு வந்த தாளில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

உண்மையான கசிவு நூல் போல ஒரே கோடாகத் தெரிந்தது. சிலிண்டர் ஹெட்டின் கடைசியில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் இடத்தில் தொடங்கி, வார்ப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கிராங்க் சீல் கசிந்தால் எங்கே சொட்டுமோ சரியாக அங்கே போய்ச் சொட்டியது. மெக்கானிக்குகளைக் குறை சொல்லிப் பயனில்லை; கீழே படுத்துப் பார்ப்பவர் கண்ணுக்கு அப்படித்தான் படும். அங்கே இருப்பது இருபது ரூபாய் ஓ-ரிங், ஒரு ரப்பர் வளையம். மாற்றினேன்.

பத்தே நாளில் மறுபடி ஈரம். எங்கே கசிகிறது என்பதைத்தான் சாயம் காட்டும். ஏன் கசிகிறது என்பதை நாம்தான் தேட வேண்டும். ஆயில் ஊற்றும் வாயில் ஒரு ரப்பர் கையுறையை மாட்டி இன்ஜினை ஓடவிட்டேன். ஐந்து விரலும் விறைத்து நின்றன. உள்ளே அழுத்தம் வெளியேற வழியில்லை. டாப்பெட் கவரிலிருந்து (இன்ஜினின் மேல்மூடி) போகும் மூச்சுக் குழாயை, அழகுக்காக நான் சட்டத்துக்கு அடியில் நுழைத்திருந்தேன். அங்கே மடங்கிக் கிடந்தது. நேராக்கிய பிறகு தரை காய்ந்திருக்கிறது, இன்றோடு ஏழு வாரம்.

சாயத்துக்கு முழு மதிப்பெண். டார்ச் சுமார்தான்: அலைநீளம் 395 நானோமீட்டர் வகை, கண்ணுக்கே ஊதா வெளிச்சம் அதிகம் அடிப்பதால் மெல்லிய கசிவு மறைந்துவிடுகிறது. கொஞ்சம் கூடக் கொடுத்து 365 வாங்கியிருக்க வேண்டும். கண்ணாடியின் கால் இரண்டாம் நாளே உடைந்தது.

ஆனால் டார்ச்சைத் தூக்கி எறியவில்லை. அன்று ராத்திரி ஜாக்கிக்குப் பக்கத்தில் நீலப் பச்சையாக ஒளிர்ந்தது ஆயில் இல்லை, தேள். இப்போது டார்ச் ஷெட் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. காருக்கு அடியில் படுப்பதற்கு முன் ஒரு சுற்று அடித்துப் பார்த்துக்கொள்கிறேன்.